ஒரு நாடு வெளியிடும் கரியமில வாயுவுக்கு என்ன விலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலும் கல்லூரி அரங்குகளிலும் பருவநிலை மாற்றத்தின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசச் செல்லும்போது, வேளச்சேரியில் கேட்ட அதே கேள்வி திருவொற்றியூரிலும் எழுகிறது. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை எழுதி, விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. டாலரை ரூபாயாக்கும் இடங்களில், கணக்கின் வசதிக்காக ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

புகை விடுவதற்குச் செலவு என்கிறீர்கள், ஆனால் யாரும் பில் கொடுக்கவில்லையே சார்?

பில் வராததுதான் இந்தப் பிரச்சினையின் வேர். ஓர் அனல்மின் நிலையம் நிலக்கரிக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் பணம் கொடுக்கிறது. அதன் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கரியமில வாயு உலகைச் சூடாக்கி, எங்கோ ஒரு விவசாயியின் விளைச்சலையும் எங்கோ ஒரு கட்டடத் தொழிலாளியின் வேலை நேரத்தையும் குறைப்பதற்கு அது எதுவும் கொடுப்பதில்லை. விற்பவரும் வாங்குபவரும் தராமல் மூன்றாமவர் சுமக்கும் இத்தகைய நட்டத்தைப் பொருளின் விலையோடு சேர்க்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஆர்தர் பிகூ 1920இலேயே எழுதினார். ஆலைப் புகை நகரத்தார் தலையில் ஏற்றும் செலவும் அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று.

ஆக, ஒரு நாட்டின் உமிழ்வுச் செலவு என்பது, அந்த நாடு குறிப்பிட்ட ஆண்டுகளில் வெளியிட்ட ஒவ்வொரு டன்னும், வெளியான நாள் தொடங்கி, உலகம் முழுவதும் விளைவித்த நட்டத்தையும் இனி விளைவிக்கப்போகும் நட்டத்தையும் கூட்டி வரும் தொகை. இந்த வரையறையில் உள்ள ‘குறிப்பிட்ட ஆண்டுகள்’, ‘உலகம் முழுவதும்’, ‘இனி’ ஆகிய மூன்றையும் எப்படி முடிவு செய்கிறோம் என்பதைப் பொறுத்தே தொகை பத்து மடங்கு கூடவும் குறையவும் செய்கிறது. பின்னால் வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றியவைதான்.

எண்ணூர் சாம்பலும் புகையும்தான் எங்களுக்கு நோய் தருகின்றன. அதுவும் இந்தக் கணக்கில் வருமா?

வராது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நிலக்கரிச் சாம்பல், கந்தக டை ஆக்ஸைடு, நுண்துகள் ஆகியவை அருகில் வசிப்பவர்களின் நுரையீரலையும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தையும் நேரடியாகக் கெடுக்கின்றன. அவற்றின் செலவு தனி, அதைச் சுமப்பவர்களும் வடசென்னை மக்களே. கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாதது, மணமற்றது. எண்ணூரை அடுத்த அத்திப்பட்டில் வெளியானாலும் டெக்சாஸில் வெளியானாலும் ஓரிரு ஆண்டுகளில் உலகக் காற்று முழுவதிலும் கலந்துவிடுகிறது.

இரண்டும் ஒரே புகைபோக்கியிலிருந்து வருவதால் மக்கள் ஒன்றாக நினைப்பது இயல்பு. ஆனால் கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிச் சற்றுக் குளிரவும் வைக்கின்றன. உங்கள் நோய்க்கு ஈடு கேட்கும் இடத்தில் இந்தப் பக்கத்தின் எண்களைக் காட்டினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத்தான் வசதியாக இருக்கும்.

ஒரு டன், ஒரு டன் என்கிறீர்கள். என் வீட்டுக் கணக்கில் அது எவ்வளவு?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது, டீசலுக்கு 2.7 கிலோ. 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறத்தாழ 42 கிலோ. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ. இரண்டு மாத மின்கட்டணத்தில் 500 யூனிட் காட்டும் குடும்பம், மின்சாரத்தின் வழியாக மட்டும் ஆண்டுக்கு 2 டன்னுக்குச் சற்று மேல் வெளியிடுகிறது. இந்தியாவில் தலைக்கு ஆண்டுச் சராசரியே 2 டன் அளவுதான்.

ஓர் எச்சரிக்கை. சில ஆய்வுகள் கார்பனின் எடையைச் சொல்கின்றன, சில கரியமில வாயுவின் எடையைச் சொல்கின்றன. ஒரு டன் கார்பன் எரிந்தால் 3.67 டன் கரியமில வாயு ஆகும். செய்திகளில் மூன்று மடங்கு, நான்கு மடங்கு வேறுபாடு தென்பட்டால் முதலில் இதைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் எல்லா இடத்திலும் கரியமில வாயுவின் எடைதான்.

ஒருவர் டன்னுக்கு 51 டாலர் என்கிறார், இன்னொருவர் 190 என்கிறார். எது சரி?

இரண்டும் அமெரிக்க அரசு வெளியிட்ட எண்களே. 2021இல் இடைக்கால மதிப்பாக அறிவிக்கப்பட்டது 51. 2023இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புதுப்பித்து வெளியிட்டது 190. இவற்றுக்கு முன் டிரம்பின் முதல் ஆட்சிக் காலத்தில் அதே அரசு 1 முதல் 7 டாலர் வரை போதும் என்றது. அதற்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: அமெரிக்காவுக்குள் நேரும் நட்டத்தை மட்டும் எண்ணினார்கள், எதிர்கால நட்டத்தை மிகக் கடுமையாகத் தள்ளுபடி செய்தார்கள். இயற்பியல் மாறவில்லை, கணக்குப் போடுபவரின் முடிவுகள் மாறின.

கணக்கின் படிகள் இவை: கூடுதலாக ஒரு டன் வெளியானால் வெப்பநிலை எவ்வளவு கூடும், அந்த வெப்பம் விளைச்சலையும் உயிரிழப்பையும் உழைப்பையும் கடல்மட்டத்தையும் எவ்வளவு பாதிக்கும், அந்தப் பாதிப்பின் பண மதிப்பு என்ன, அது இன்றைய மதிப்பில் எவ்வளவு. இந்த முறைக்கு 1990களில் மாதிரி வகுத்த வில்லியம் நோர்ட்ஹாஸுக்கு 2018இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ரூபாயில் பார்த்தால், 51 டாலர் என்பது ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 10 ரூபாய்; 190 டாலர் என்பது சுமார் 37 ரூபாய்.

இன்றைய மதிப்பு என்றால் என்ன? எதிர்கால நட்டத்தை ஏன் குறைத்துக் காட்ட வேண்டும்?

ஏலச்சீட்டு போட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடைசி வரை காத்திராமல் முதல் மாதமே பணம் வேண்டும் என்பவர் தள்ளி எடுக்கிறார். எவ்வளவு தள்ளுகிறார் என்பது அவருடைய அவசரத்தின் அளவு. எதிர்கால நட்டத்துக்கும் இப்படித்தான் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று தள்ளுபடி வைக்கிறார்கள். சீட்டில் தள்ளுபவரே குறைவாகப் பெற்றுக்கொள்கிறார். இங்கே தள்ளுபவர்கள் நாம், குறைவாகப் பெறப்போகிறவர் இன்னும் பிறக்கவில்லை, ஏலத்துக்கும் வரவில்லை.

நூறு ஆண்டு கழித்து நேரப்போகும் ஒரு லட்சம் ரூபாய் நட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 7 சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு வெறும் 115 ரூபாய். 3 சதவீதத்தில் சுமார் 5,200 ரூபாய், 2 சதவீதத்தில் சுமார் 13,800, 1.4 சதவீதத்தில் ஏறத்தாழ 24,900. கடைசியாகச் சொன்ன வீதம், பிரிட்டனில் நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006இல் அளித்த அறிக்கையில் கையாளப்பட்டது. எதுவும் செய்யாவிட்டால் உலக உற்பத்தியில் 5 முதல் 20 சதவீதம் வரை நிரந்தரமாக இழக்க நேரும் என்று அவர் சொன்னபோது, வீதத்தைக் குறைத்ததால்தான் நட்டம் பெரிதாகத் தெரிகிறது என்று நோர்ட்ஹாஸ் மறுத்தார். முந்தைய விடையில் கண்ட 51க்குப் பின்னால் இருப்பது 3 சதவீதம், 190க்குப் பின்னால் இருப்பது 2 சதவீதம். நட்டத்தை அளக்கும் முறைகளும் இடையில் புதுப்பிக்கப்பட்டன.

சந்தை வட்டியைப் பார்த்து இந்த வீதத்தை முடிவு செய்வதா, பிறக்காதவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடமையைப் பார்த்து முடிவு செய்வதா என்பதில் பொருளியலாளர்கள் இன்னும் உடன்படவில்லை. என் கருத்தில் 7 சதவீதத்தை வைப்பவர், நட்டம் இல்லை என்று சொல்வதற்கு ஒரு நாகரிகமான வழியைக் கண்டுபிடித்திருக்கிறார், அவ்வளவே.

1990இல் விட்ட புகை இந்நேரம் கரைந்துபோயிருக்காதா?

பெருமளவு கரையவில்லை. வெளியான கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் கடலும் காடும் சில பத்தாண்டுகளில் உறிஞ்சிக்கொள்கின்றன. மிச்சத்தில் கணிசமான பங்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் காற்றிலேயே தங்குகிறது. ஹவாய் தீவின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த அளவு, 2024இல் 424 ஆகிவிட்டது. ஒரு டன் உண்டாக்கும் வெப்பம் ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் உச்சத்தை எட்டி, அதன் பிறகு மிகச் சிறிதளவே தணிகிறது.

இதனால் பழைய டன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பற்றுகள் இருக்கின்றன: இதுவரை நேர்ந்த நட்டம், இனி நேரப்போகும் நட்டம். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மார்ஷல் பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வுத்தாளில் இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். 1990இல் வெளியான ஒரு டன் 2020 வரை விளைவித்த நட்டம் 180 டாலர். அதே டன் 2100க்குள் மேலும் விளைவிக்கப்போவது 1,840 டாலர். 2020 வரைக்குமான கணக்கைத் தீர்த்துவிட்ட நாடு, அந்த டன்னுக்கான கடனில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தீர்க்கவில்லை என்று ஆகிறது. பருவநிலை இழப்பீடு பற்றிய பேச்சுகளில் இந்த இரண்டாவது பற்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஒரு நாட்டின் மொத்தச் செலவை யாராவது கணக்கிட்டிருக்கிறார்களா?

கணக்கிட்டிருக்கிறார்கள். டார்ட்மத் கல்லூரியின் கிறிஸ்டோபர் கலஹனும் ஜஸ்டின் மேன்கினும் 2022இல் வெளியிட்ட ஆய்வு அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. ஒரு நாட்டின் உமிழ்வு இருக்கும் உலகையும், அதை மட்டும் நீக்கிய உலகையும் கணினி மாதிரியில் ஒப்பிட்டு, வெப்பநிலை வேறுபாடு ஒவ்வொரு நாட்டின் வருமானத்தையும் எவ்வளவு மாற்றியது என்று அவர்கள் பார்த்தார்கள். 1990 முதல் 2014 வரையிலான கணக்கில் அமெரிக்காவின் உமிழ்வு உலகுக்கு விளைவித்த நட்டம் சுமார் 1.9 லட்சம் கோடி டாலர்; சீனாவுடையது 1.8 லட்சம் கோடி. ரஷ்யா, இந்தியா, பிரேசில் ஒவ்வொன்றும் 50,000 கோடி டாலரைத் தாண்டுகின்றன. ஐந்து நாடுகளும் சேர்ந்து 6 லட்சம் கோடி.

தொடக்க ஆண்டைக் கவனியுங்கள். 1990இலிருந்து எண்ணுவதற்கு ஒரு நியாயம் உண்டு: ஐநா பருவநிலைக் குழுவின் முதல் அறிக்கை அந்த ஆண்டில்தான் வந்தது, அதற்குப் பிறகு ‘தெரியாது’ என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் 1850இலிருந்து எண்ணினால் பிரிட்டனும் ஜெர்மனியும் பட்டியலில் மேலே ஏறும், இந்தியா கீழே இறங்கும்.

இந்தியா உலகில் மூன்றாவது இடம் என்கிறார்கள். அப்படியானால் நாமும் குற்றவாளிதானே?

ஓர் ஆண்டின் உமிழ்வை மட்டும் பார்த்தால் சீனா, அமெரிக்கா, இந்தியா என்பதே வரிசை. இந்தியா ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டன், உலகம் சுமார் 3,700 கோடி டன். தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் அமெரிக்கா சுமார் 14 டன், சீனா சுமார் 8, உலகச் சராசரி 5க்குச் சற்றுக் குறைவு, இந்தியா 2. தொழிற்புரட்சி முதல் சேர்ந்த மொத்தப் புதைபடிவ எரிபொருள் உமிழ்வில் அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. உலக மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் உள்ள இந்தியாவின் பங்கு 4 சதவீதத்தை ஒட்டியது.

வெப்பம் சேர்ந்த மொத்தத்தைப் பொறுத்தது என்பதால், செலவுக் கணக்குக்குக் கடைசி அளவே பொருத்தமானது. அதற்காக நம் பற்று சுழியம் ஆகிவிடாது. மேலே சொன்ன 50,000 கோடி டாலரில் நம்மைவிட ஏழையான நாடுகளின் நட்டமும் அடங்கியிருக்கிறது.

நட்டம் யாருக்கு அதிகம்?

வெப்ப நாடுகளுக்கு. பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் பல நாடுகளின் ஐம்பது ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து, ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 டிகிரியை ஒட்டியிருக்கும்போது பொருளாதார உற்பத்தி உச்சத்தில் இருக்கிறது என்று கண்டார்கள். அதற்குக் கீழே உள்ள நாட்டுக்குச் சற்று வெப்பம் கூடினால் ஆதாயம். மேலே உள்ள நாட்டுக்கு ஒவ்வொரு டிகிரியும் முந்தையதைவிட அதிக இழப்பு. சென்னையின் ஆண்டுச் சராசரி 28 டிகிரிக்கு மேல். கலஹன், மேன்கின் கணக்கில் கனடாவும் ரஷ்யாவும் ஆதாயம் பெற்றவையாகவே வருகின்றன.

ஒரு டன்னின் நட்டத்தை நாடு நாடாகப் பிரித்த கேத்தரின் ரிக்கி குழுவின் 2018 ஆய்வில், உலக மொத்தம் 417 டாலர். அதில் இந்தியாவின் பங்கு 86, எல்லா நாடுகளிலும் அதிகம். அடுத்தது அமெரிக்கா, 48. உலகில் யார் எங்கே ஒரு டன் வெளியிட்டாலும் அதன் நட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு நம் தலையில் விழுகிறது என்று பொருள். உமிழ்வைக் குறைப்பது மேலைநாடுகளுக்குச் செய்யும் உதவி என்று மேடையில் பேசுபவர்கள் இந்த ஓர் எண்ணையாவது படித்திருக்கலாம்.

அப்படியென்றால் 2015 வெள்ளத்துக்கு அமெரிக்காவிடம் நஷ்டஈடு கேட்கலாமா ஐயா?

இந்த எடுத்துக்காட்டு நமக்கு உதவாது. கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க் தலைமையிலான குழு 2015 டிசம்பர் மழையை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, அந்த மழையில் புவி வெப்பமாதலின் தடத்தைப் பிரித்தறிய முடியவில்லை. சுற்றியிருந்த கடற்பரப்பு எதிர்பார்த்த அளவுக்குச் சூடாகாமல் இருந்ததை அவர்கள் சுட்டினார்கள்; காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டாம் விடையில் சொன்ன கந்தகத் துகள்கள் இங்கேயும் வருகின்றன. சதுப்புநிலத்தில் வீடு கட்டியதும் நீர்வழியை அடைத்ததும் நம் சொந்தக் கணக்கு. வெப்ப அலைகளுக்கு உமிழ்வோடு உள்ள தொடர்பு இதைவிட வெகு உறுதியானது.

சட்டத்தின் பக்கம் வந்தால், 2015 பாரிஸ் மாநாட்டுத் தீர்மானமே, இழப்பு பற்றிய உடன்படிக்கைப் பிரிவு எவ்விதப் பொறுப்புக்கும் இழப்பீட்டுக்கும் அடிப்படை ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறது. 2022இல் எகிப்து மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பு நிதி, நாடுகள் விரும்பித் தரும் பணம். ஆனால் 2025 ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றம் அளித்த ஆலோசனைக் கருத்து, கடமை தவறிய நாடு முழு ஈடு தர வேண்டிய நிலை வரலாம் என்றது. அதற்கு மீறலுக்கும் இழப்புக்கும் இடையே போதிய நேரடித் தொடர்பைக் காட்ட வேண்டும். அந்தத் தொடர்பைக் காட்டும் முயற்சிகள்தான் மேலே கண்ட ஆய்வுகள்.

300 கோடி டன்னை 190ஆல் பெருக்கினால் நம் ஜிடிபியில் 15 சதவீதம் வருகிறது. அப்படியானால் நம் வளர்ச்சியே பொய்யா?

கல்லூரி மாணவி ஒருவர் கேட்டது, பெருக்கல் சரி. 57,000 கோடி டாலர் வருகிறது, நம் உற்பத்தி சுமார் 3.9 லட்சம் கோடி. ஆனால் இந்த ஆண்டு ஜிடிபியிலிருந்து அதை அப்படியே கழிக்க முடியாது. அந்தத் தொகை வரும் நூற்றாண்டுகளில் உலகம் முழுவதும் பரவி விழும் நட்டத்தின் இன்றைய மதிப்பு. ஜிடிபி ஓர் ஆண்டில் ஒரு நாட்டுக்குள் உண்டாகும் மதிப்பு. இந்தியாவுக்குத் திரும்பி வரும் பங்கை மட்டும் ரிக்கி குழுவின் 86 டாலரை வைத்துப் பார்த்தால் 25,800 கோடி டாலர். இரண்டு ஆய்வுகளின் எண்களும் வெவ்வேறு அனுமானங்களில் பிறந்தவை என்பதால், ஒன்றை மற்றொன்றால் வகுத்துச் சதவீதம் சொல்வதும் தவறு.

மேலும் இது செலவின் பக்கம் மட்டுமே. அந்த நிலக்கரியில் எரிந்த விளக்கும் ஓடிய ரயிலும் வரவின் பக்கத்தில் இருக்கின்றன. கேட்க வேண்டியது, அதே வரவைக் குறைந்த உமிழ்வில் பெற என்ன செலவாகும், அது டன்னுக்கு 190 டாலரைவிடக் குறைவா என்பதே.

நாம்தான் ஏற்கெனவே வரி கட்டுகிறோமே?

நிலக்கரிக்கு 2010இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய கூடுதல் வரி 2016இல் 400 ரூபாய் ஆனது. 2025 செப்டம்பரில் அது நீக்கப்பட்டு, ஜிஎஸ்டி 5இலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஒரு டன் இந்திய நிலக்கரி எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை டன் கரியமில வாயு வரும். ஆகவே உச்சத்தில் இருந்தபோதும் அந்த 400 ரூபாய், டன் வாயுவுக்குச் சுமார் 3 டாலர் மட்டுமே. பெட்ரோல் நிலவரம் வேறு: அதன் மீதுள்ள மத்திய, மாநில வரிகள் 51 டாலர் கணக்கின் 10 ரூபாயை எளிதாகத் தாண்டுகின்றன. பைக் ஓட்டுபவர் கொடுக்கிறார், கொதிகலன் கொடுப்பதில்லை.

ஐரோப்பாவுக்கு நாம் அனுப்பும் இரும்பின் புகை யார் கணக்கில் எழுதப்படும்?

ஐநா விதிப்படி உற்பத்தி நடந்த நாட்டின் கணக்கில், அதாவது நம் கணக்கில். நுகர்பவர் கணக்கில் எழுதும் முறையும் ஆய்வுகளில் உண்டு. அதில் சீனா, இந்தியாவின் அளவு குறைந்து ஐரோப்பாவின் அளவு கூடும். ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் முதலியவற்றின் உற்பத்தியில் வெளியான வாயுவுக்கான எல்லைக் கார்பன் கட்டணத்தை 2026 ஜனவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. நட்டத்தில் பெரும்பங்கு வெப்ப நாடுகளுக்கு, வசூல் ஒன்றியத்தின் தலைமையகமான புருசெல்ஸுக்கு என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

திசையை நம்பலாம், தசம புள்ளியை நம்ப வேண்டாம். 2024இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்த நூற்றாண்டின் நடுவில் உலக நட்டம் ஆண்டுக்கு 38 லட்சம் கோடி டாலர் என்றது. நம் பத்திரிகைகளிலும் அது பெரிதாக வந்தது. உஸ்பெகிஸ்தான் என்ற ஒரே ஒரு நாட்டின் பழைய தரவுகளில் இருந்த கோளாறு முடிவைக் கணிசமாக மாற்றுகிறது என்று பிற ஆய்வாளர்கள் காட்டியதைத் தொடர்ந்து, 2025 டிசம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. மறுபுறம் ஆட்ரியன் பிலால், டியகோ கென்சிக் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வுத்தாள், டன்னுக்கு 1,000 டாலருக்கு மேல் என்கிறது. உயிரின அழிவு, மொழியும் ஊரும் இழந்து இடம்பெயர்தல் போன்றவை இவற்றில் எதிலும் முழுமையாக இடம்பெறவில்லை. ஆகவே உண்மை பெரும்பாலும் மேல்பக்கமே இருக்கும் என்பது என் கணிப்பு.

2070இல் நிகர உமிழ்வு சுழியம் என்று இந்தியா சொல்லிவிட்டது. அதுவரை எப்படிப் போனாலும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. 2025இலிருந்து 300 கோடி டன் சீராக இறங்கி 2070இல் சுழியம் ஆனால், இடைப்பட்ட காலத்தின் மொத்தம் சுமார் 6,750 கோடி டன். 2040 வரை 400 கோடியாக உயர்ந்து, அதன்பின் சீராக இறங்கி அதே 2070இல் சுழியம் ஆனால், மொத்தம் 11,250 கோடி டன். ஐநா பருவநிலைக் குழுவின் மதிப்பீட்டில் ஒரு லட்சம் கோடி டன்னுக்கு 0.45 டிகிரி என்பதால், முதல் வழியில் நாம் சேர்ப்பது 0.03 டிகிரி, இரண்டாவதில் 0.05.

வேறுபாடு 4,500 கோடி டன். 190 டாலர் வீதத்தில் பெருக்கினாலே 8.5 லட்சம் கோடி டாலர் வருகிறது. அந்த வீதமும் நிலையாக இருப்பதில்லை: சூடேறிய உலகில் சேரும் ஒவ்வொரு டன்னும் கூடுதலாகச் சேதம் செய்வதால், 2050இல் வெளியாகும் டன்னுக்கு அதே அமெரிக்க முகமை 2023இல் வைத்த மதிப்பு 310 டாலர். இரண்டு வழிகளிலும் 2070இல் சுழியம் என்ற அறிவிப்பு ஒரு சொல்கூட மாறாமல் நிறைவேறிவிடும்.